மறுநுழைவு அனுமதி (அமெரிக்கா)

கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை அட்டை) பெற்றவர் வேலை நிமித்தம் ஓராண்டோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க நேர்ந்தால், அமெரிக்கா திரும்ப உதவும் ஆவணம். கார்டு மட்டும் அப்போது போதாது.

ஐ-131 படிவத்தில், அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். விமானம் ஏறிய பின் நினைவு வந்து பயனில்லை. அனுமதி பெரும்பாலும் 2 ஆண்டுகள் செல்லும். நீட்டிப்பு கிடையாது.

அனுமதி கையில் இருந்தால் கவலையில்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது தவறு. அதிகாரிகள் எடைபோடுவது திரும்பும் எண்ணத்தை: வீடு, வங்கிக் கணக்கு, குடும்பம், வேலை ஒப்பந்தம் முடியும் நாள், எல்லாவற்றுக்கும் மேலாக வருமான வரி. அமெரிக்காவில் வசிக்காதவர் என்று எழுதி வரிக்கணக்குத் தாக்கல் செய்தவர், வசிப்புரிமையைத் தாமே கைவிட்டதாகக் கருதப்படலாம்.

குடியுரிமைக்கான தொடர் வசிப்பை இந்த அனுமதி காக்காது. தகுதியுள்ளோருக்கு அதற்கென என்-470 என்ற தனிப் படிவம் உண்டு.