கருங்கல் வெளியில் பிறந்த கேள்வி

டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரிணாமக் கொள்கையை அல்ஜாஹிழ் வகுத்துவிட்டார் என மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உளர். இளமையில் யானும் முழங்கியவனே. அன்னாரின் அரபு மூலத்தைக் கையிலெடுத்துப் பயின்ற பின்னர் அப்பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவர்பால் மதிப்புக் குறைந்ததனால் அன்று.

பஸராவில் பிறந்து ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-869) மறைந்த அப்பெருமகனார், 'கிதாபுல் ஹயவான்' என்னும் விலங்கு நூலால் புகழ்பெற்றவர். ஆயினும் இங்கு நமக்கு வேண்டுவது, கருநிற மக்களின் பெருமையை எடுத்துரைக்கும் 'ஃபக்ருஸ் ஸூதான்' என்னும் அவருடைய சிறு நூல். அதில் பனூ ஸுலைம் குலத்தார் வாழ்ந்த ஹர்ராவைப் பற்றிக் கூறுகிறார். ஹர்ரா என்பது எரிமலைக் குழம்பு இறுகிக் கருங்கல்லாய்க் கிடக்கும் வெளி. ஹஜ்ஜுக்குச் சென்றோர் மதீனாவின் அருகே அத்தகைய நிலத்தைக் கண்டிருப்பர். அங்கே மானும் தீக்கோழியும் ஓநாயும் நரியும் பறவையும் யாவும் கருமை என்கிறார். வேற்று நாட்டிலிருந்து கொணர்ந்த மேய்ப்பரும் மூன்று தலைமுறைக்குள் கருத்துவிடுவராம். கருமுடியில் பேன் கருப்பு, நரைமுடியில் வெளுப்பு என்று சான்றும் காட்டுகிறார்.

கருமை சாபமன்று, தண்டனையுமன்று. இறைவன் அமைத்த மண்ணும் நீரும் வெயிலும் தந்த நிறமே என்று நிறுவுவதே அவர் நோக்கம். நிறத்தைக் கொண்டு மனிதரை இகழ்ந்தோர் நிறைந்த காலத்தில் அதனை எழுத நெஞ்சுரம் வேண்டும். அவர்தம் பெருமை எனக்கு இதில்தான் தெரிகிறது.

ஆனால் மண் கருப்பாக்கியது என்பதோடு அவர் நின்றுவிட்டார். மண் எவ்வாறு உயிரைக் கருப்பாக்கும்? டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் 1858இல் இலண்டன் லின்னேயச் சங்கத்தில் ஒருசேர வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது. அவர்கள் தந்த விளக்கத்தின்படி மண் எதையும் கருப்பாக்குவதில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளும் தம்முள் சிறிது வேறுபடும். பிறப்பன பல, பெருகி வாழ்வன சில. கருங்கல்மீது வெளிர்நிறக் குட்டி ஆந்தையின் கண்ணுக்கு எளிதில் அகப்படும்; கருங்குட்டி தப்பும், தன் நிறத்தைத் தன் வழித்தோன்றல்களுக்கும் தரும். தலைமுறை பல கடந்தபின் வருவோன், மண்ணே கருப்பாக்கியது என எண்ணுவான். இதனையே இயற்கைத் தேர்வு என்கின்றனர். மூன்று தலைமுறை இதற்குப் போதாது. மேய்ப்பர் கருத்ததற்கு வெயிலும் கலப்பு மணமும் காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இது வெறும் ஊகமோ எனில், அன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பினகாட்டே என்றொரு கருங்கல் வெளி உண்டு. நம் ஹர்ராவுக்கு உடன்பிறப்பு எனலாம். அங்கு வாழும் ஒருவகைச் சிற்றெலி, வெளிர்பாறையில் மணல் நிறமாகவும் கருங்கல்மீது கருநிறமாகவும் உள்ளது. அவ்வேறுபாடு, நிறத்தை ஆளும் ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றத்தோடு இணைந்தது என 2003இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவின் கருங்கல் வெளியிலும் அவ்வினத்துக் கருநிற எலிகள் உள்ளன. அவற்றிடம் அம்மரபணு மாற்றம் இல்லை; அவை வேறு மரபணு வழியே கருமை பெற்றவை.