தொப்பைக்கு யார் பொறுப்பு? - ஒரு அரிசிக் கதை

கல்பாக்கம் பக்கத்துல, சதுரங்கப்பட்டினத்துல இருக்கிற டச்சுக் கோட்டையை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. மஸ்லின் ஏற்றுமதி, கல்லறைகள் பத்தி எழுத ஆள் இருக்கு. நான் சொல்லப்போறது அரிசிக் கதை.

டச்சுக்காரங்க 1825-ல் இந்த ஊரை ஆங்கிலேயர்கிட்ட விட்டுட்டாங்க. ஆனா ஜாவாவை விடல. அங்கே படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) 1890-களில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் ஒண்ணு கவனிச்சார். தீட்டின வெள்ளை அரிசிச் சோறு தின்ன கோழிகளுக்குக் கால் இழுத்துக்கிச்சு. தவிடு போகாத அரிசி கொடுத்ததும் தேறிடுச்சு. மனுசங்களுக்கு வர்ற பெரிபெரி நோய்க்கும் காரணம் அந்த வழியாத்தான் பிடிபட்டது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு.

சரி, மேட்டருக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அதுக்கு முந்தின கணக்கெடுப்பில் (2015-16) 30.9தான். உடனே ரெண்டு கட்சி. "வாயைக் கட்டு, நட" என்பது ஒண்ணு. "அரசாங்கம் சட்டம் போடணும்" என்பது இன்னொண்ணு.

அரிசி விஷயத்துல ரெண்டையும் ஏற்கெனவே பார்த்தாச்சு. 1934-ல் காந்தி கிராமக் கைத்தொழில் சங்கம் ஆரம்பிச்சார். செயலாளர் நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கன்னு ஊர் ஊரா சொன்னாங்க. மில் அரிசிதான் ஜெயிச்சது. 1958-ல் கைக்குத்தல் தொழிலைக் காப்பாத்த, புது மில்லுக்கு அனுமதி கட்டாயம்னு மத்திய அரசு சட்டம் போட்டது. மில்லுங்க பெருகிச்சு, உரல் மூலைக்குப் போச்சு, 1997-ல் சட்டமும் போச்சு. கேரளா 2016-ல் பெரிய பிராண்ட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி போட்டது. அடுத்த வருசமே ஜிஎஸ்டி வந்து அதை முழுங்கிடுச்சு. நம்ம தட்டுல குவியறது பர்கரா, சோறா?

இதுல ஒண்ணை மறந்துடறோம். அரசாங்கம் எப்பவோ நம்ம தட்டுக்குள்ள வந்தாச்சு. 1967-ல் அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். பசியைத் தீர்த்த திட்டம். அதைக் குறை சொல்றவன் நான் இல்ல. ஆனா கிடைக்கிறது தீட்டின அரிசி மட்டும்னா, அதை வாங்குறவங்ககிட்ட போய் "பொறுப்பா சாப்பிடுங்க"ன்னு சொல்ல, ஏசி ரூம்ல பொட்டி தட்டுற எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? எனக்குக் கைக்குத்தல் அரிசி, கம்பு, ஓட்ஸ்னு தேர்ந்தெடுக்கக் காசு இருக்கு.

2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பிச்சாங்க. எனக்குச் சரின்னு படறது இந்த வழிதான். தடையும் இல்ல, உபதேசமும் இல்ல. பையில வேற ஒண்ணு. கேழ்வரகு தின்னா இளைச்சுடுவோம்னு நான் சொல்லல, அளவுக்கு மீறினா அதுவும் தொப்பைதான். அந்த அளவு நம்ம பொறுப்பு. ஆனா தேர்ந்தெடுக்க ரெண்டு பொருளாவது வேணும்ல?

உங்க ஊர் ரேஷன் கடையில அரிசியைத் தவிர வேற தானியம் ஏதாச்சும் தர்றாங்களா? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.