மெக்சிகோ மிளகாயும் நம்ம சத்திரச் சாலையும்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் நம் வயதுக்காரர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். குளிரைப் பற்றிச் சொல்வார்கள். கார் இல்லாமல் கறிவேப்பிலை வாங்கக்கூடப் போக முடியாததைப் பற்றிச் சொல்வார்கள். சாப்பாட்டுப் பேச்சு வந்தால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வெளியே போனா மெக்சிகன் கடைதான் சார் நமக்கு ஒத்துப்போகும்."

அங்கே அது பெரிய ஓட்டல் கிடையாது. நம் தெருமுனை டிபன் கடை மாதிரி, குடும்பத்தோடு போய் உட்காரும் இடம். உட்கார்ந்ததும், எதுவும் கேட்பதற்கு முன்பே, ஒரு கூடை நிறையப் பொரித்த மக்காச்சோள வறுவலும், தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி நறுக்கிப் போட்ட ஒரு கிண்ணம் துவையலும் மேசைக்கு வந்துவிடும். பல கடைகளில் அதற்குக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள். பிறகு சோறு, வேகவைத்த கறுப்பு பீன்ஸ், சப்பாத்தி போல ஒரு ரொட்டி. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டால், சைவம் சாப்பிடுகிறவரும் வயிறு நிறைந்து எழுந்திருக்கலாம்.

பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தேசத்துச் சாப்பாடு நமக்கு ஏன் இவ்வளவு பழகினதாகத் தெரிகிறது? நம் சமையலறையில் பாதி அங்கிருந்து வந்தது என்பதுதான் காரணம்.

மிளகாயின் தாயகம் மெக்சிகோ. அங்கே பல ஆயிரம் வருடங்களாகப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகுதான் அது மற்ற கண்டங்களுக்குப் புறப்பட்டது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அவர்கள் கோவாவைப் பிடித்த ஆண்டு 1510. புதிதாக வந்த காய்க்கு நம்மிடம் பேர் இல்லை. மிளகு போலக் காரமாக இருக்கும் காய் என்பதால் மிளகாய் என்று வைத்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் அவதரித்த ஆண்டு 1017 என்பார்கள். அப்படியானால் அவர் வாழ்நாளில் மிளகாயைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் காலத்துக் காரம் முழுக்க மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான்.

இதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. திவசச் சமையலை நினைத்துப் பாருங்கள். மிளகாய் கிடையாது, மிளகு. தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பாசிப்பருப்பு. பழைய வைணவக் கோயில் மடப்பள்ளிகள் பலவற்றிலும் இதே கட்டுப்பாடுதான். ஆசாரம் என்று நாம் காப்பாற்றி வருவது, அமெரிக்கக் கண்டத்துக் காய்கள் வருவதற்கு முன் நம் முன்னோர் சாப்பிட்ட சாப்பாட்டின் ஞாபகம். மற்ற நாட்களில் நாம் சாப்பிடும் ரசத்தில் மெக்சிகோ கலந்திருக்கிறது.

சப்போட்டாவும் அந்த ஊர்தான். பெயரே அவர்கள் பழைய மொழியிலிருந்து ஸ்பானியர் வாய்வழியாக நம்மிடம் வந்தது. வேர்க்கடலை கதை இன்னும் சுவையானது. நம் பக்கத்தில் அதற்கு மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் பேர். மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகரம். வேர்க்கடலை பிறந்தது தென் அமெரிக்காவில். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியர்களின் கப்பல்கள் போய் வந்தன. அங்கிருந்து வெள்ளியும், கூடவே புதுப் பயிர்களும் வந்தன. இங்கிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து, நெசவுத் துணி மணிலாவுக்குப் போனது. மல்லாட்டை என்று நம் பாட்டி சொன்ன சொல்லில் அந்தக் கப்பல் பாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மணிலா வியாபாரத்தின் காசு நம் கண்ணெதிரிலும் இருந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் பாலம் கட்டிக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மணிலா வாணிபத்தில் சம்பாதித்தவர். அந்தப் பழைய மர்மலாங் பாலம் இருந்த இடத்தில்தான் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

சரி, நம் பகுதியில் அப்படி ஒரு மெக்சிகன் கடை உண்டா? சென்னையில் கதீட்ரல் சாலையில் ஹாட் பிரெட்ஸ் கடைக்கு மேல் டான் பெப்பே என்று ஒன்று இருந்தது. டாக்கோ பெல் என்ற அமெரிக்கக் கம்பெனி 2010-ல் பெங்களூரில் முதல் கடை திறந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது கொரியச் சாப்பாட்டுக் கடை.

அதைச் சொல்லுமுன் இந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூந்தமல்லி தாண்டி மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், பிறகு சுங்குவார்சத்திரம், அதற்கப்புறம் பாலுசெட்டிசத்திரம். ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் போனவர்கள் தங்கி, இளைப்பாறி, கைநனைத்துவிட்டுப் போன இடங்கள். வழிப்போக்கன் எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுவது ஒரு தர்மம் என்று நினைத்த செல்வந்தர்கள் வைத்தவை. சத்திரங்கள் போன பிறகு பஸ் நிற்கும் இடத்துக் கிளப்புக் கடைகள் வந்தன. நான் வேலை நிமித்தம் காஞ்சிபுரம் பஸ்ஸில் போய்வந்த 1980-களில் ஸ்ரீபெரும்புதூர் கோயில் ஊர்தான். சுற்றிலும் ஏரி, நெல் வயல், மேட்டு நிலத்தில் மல்லாட்டை. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோதுதான் உலகம் இந்தப் பேரைக் கேட்டது.

அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1996-ல், ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளியே வந்தது. ஆலையோடு கொரியாவிலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். உதிரிப் பாகம் செய்யும் அவர்கள் ஊர்க் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. வந்த மனிதர்களுக்குச் சாம்பார் சாதம் இரண்டு நாள் சரிப்படும், மூன்றாம் நாள் வீட்டு ஞாபகம் வந்துவிடும். துபாய்க்குப் போன நம் பிள்ளைகளுக்கு எப்படியோ, அவர்களுக்கும் அப்படித்தான். முதலில் தங்கும் விடுதிகளில் சமையல்காரர் வைத்துச் சமைத்துக் கொண்டார்கள். பிறகு கடைகள் முளைத்தன. நெடுஞ்சாலை ஓரத்தில், நம் எழுத்து ஒன்றுமில்லாமல் வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்துப் பலகைகள் தொங்க ஆரம்பித்தன. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது, 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது. ஜப்பான்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் ஏற்ற சாப்பாடும் தேவைப்பட்டது.

கொரியக் கடைக்குள் போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சோறுதான் பிரதானம். அதுவும் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில். கேட்ட பதார்த்தம் வருவதற்கு முன்பே ஐந்தாறு சின்னத் தட்டுகளில் தொடுகறி வைத்துவிடுகிறார்கள்: முளைகட்டிய பயறு, கீரை, முள்ளங்கி, உருளைக்கிழங்கு. அதற்குத் தனிக் காசில்லை, தீர்ந்தால் மறுபடியும் வரும். மெக்சிகன் கடையின் வறுவல் கூடை மாதிரி, நம் இலையில் இரண்டாம் முறை விழும் பொரியல் மாதிரி. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மேசையிலேயே அடுப்பு வைத்து இறைச்சி வாட்டித் தருகிறார்கள். எல்லாத் தட்டுக்கும் நடுவில் சிவப்பாக, புளித்த வாசனையோடு, கோசில் போட்ட ஊறுகாய். அதுதான் கிம்ச்சி.

கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்கிறார்கள், ஆகவே அவர்கள் நமக்கு உறவு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதைவிட உறுதியான உறவு அந்தச் சிவப்பில் இருக்கிறது. கிம்ச்சிக்குச் சிவப்பு தருவது மிளகாய்த் தூள். கொரியாவில் மிளகாயைக் குறிப்பிடும் பழைய நூல் 1614-ல் எழுதப்பட்டது. அதில் அதற்கு 'ஜப்பான் கடுகு' என்று பொருள்படும் பேர். பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியில் ஜப்பானியர் படையெடுத்தபோது வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். அதற்கு முன் அவர்கள் காய்கறிகளை மிளகாய் இல்லாமல்தான் ஊறப் போட்டார்கள். மெக்சிகோவிலிருந்து புறப்பட்ட காய் மேற்கு வழியாக நம்மிடமும், இன்னும் சுற்றி அவர்களிடமும் வந்து, இரண்டு பேரும் ஆதிகாலத்திலிருந்து எங்களுடையது என்று நினைக்கிற அளவுக்கு ஊறிவிட்டது. நானூறு வருடம் கழித்து இரண்டு மிளகாயும் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் சந்தித்துக்கொண்டன.

ஆகவே, "அந்நியச் சாப்பாடு வந்து நம் ஊர் கெட்டது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வருகிறவர்கள் பசியோடு வருவார்கள், தங்கள் ருசியையும் கொண்டு வருவார்கள். சத்திரச் சாலைக்கு அது புதிதல்ல. என் கவலை வேறு இடத்தில்.

இந்தத் தொழிற்பேட்டைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொரியர்கள் மட்டும் அல்ல. தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்த பெண் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். இவர்கள் கொரியக் கடையில் சாப்பிடுவதில்லை. ஷிஃப்ட் முடிந்து விடுதிக்குப் போனால் அங்கே எது இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. 2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கிய ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சானது. 250 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சரியாகச் சொல்லாத நிலையில், அந்தப் பெண்கள் ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது.

ஆலை இருப்பது சுங்குவார்சத்திரத்தில். வழிப்போக்கனுக்குச் சோறு போட்டதால் பேர் பெற்ற ஊரில், உலகத்துக்கே போன் செய்து கொடுக்கும் பெண்கள் நல்ல சாப்பாடு கேட்டு ரோட்டில் உட்கார வேண்டி வந்தது.

அதிலிருந்து ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம், செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். நல்ல காரியம். ஆனால் கட்டடம் கட்டுவது ஒரு தரம் செய்யும் வேலை. சாப்பாடு தினமும் மூன்று வேளை செய்ய வேண்டியது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆலை இருக்கும்வரைதான் இந்தச் சாப்பாட்டுக் கடைகள். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. அப்படி ஒரு ஆலை நிற்கும்போது டீக்கடையும் மெஸ்ஸும் இட்லிக் கடை அம்மாவும் சேர்ந்தே அடிபடுகிறார்கள். அவர்கள் கணக்கு எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

ஒரு ஊரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கோயிலை எழுதுவார்கள், தலைவர்களை எழுதுவார்கள், இப்போது ஆலைகளையும் எழுதுகிறார்கள். யார் யாருக்கு என்ன சோறு போட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் முதல் கொரியக் கடை வந்தபோது அங்கே காய் நறுக்கப் போன நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். சத்திரத்தில் சாப்பிட்டதாகத் தாத்தா சொல்லக் கேட்டவர்களும் உங்களில் இருப்பீர்கள். ஞாபகம் இருக்கும்போதே நாலு வரி எழுதி அனுப்புங்கள். பேரும் வருடமும் சரியாக இருந்தால் போதும், நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை.