தீவாந்தரத்து ஆடவர் உடை

கால்களுக்குத் தனித்தனியே குழாய் வைத்துத் தைக்காமல், இடுப்பைச் சுற்றி ஒரே துணியை உடுத்திக்கொண்டு நாள் முழுதும் உழைக்கிற ஆடவர்களைப் பற்றி எழுதப் புகுந்த மேனாட்டார் பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கில்ட் என்னும் உடையோடு நின்றுவிட்டார்கள். வங்காள விரிகுடாவுக்குக் கிழக்கே சிதறிக் கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலோ, அத்தகைய உடை எவராலும் விசேஷமாகப் பாராட்டப்படாமலே, மீன் இறக்கும் துறையிலும் தேங்காய் உரிக்கும் களத்திலும் இன்றளவும் அன்றாட வஸ்திரமாக வழங்கிவருகிறது. அத்தீவுகளின் சரித்திரத்தை எழுதியவர்கள் சிறைச்சாலையையும் வனத்தையும் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வந்து சேர்ந்த மனிதன் இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு வந்தான் என்பதும் சரித்திரத்தில் சேர வேண்டிய விஷயமே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆதியில் அத்தீவுகளில் நெய்த துணி இல்லை. அந்தமானின் பூர்வகுடிகள் வெண்களிமண்ணையும் செங்காவியையும் மேனியில் பூசி அழகு செய்துகொண்டார்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மலாய் நாட்டுக் கடாரத்திலிருந்து வடக்கு நோக்கிப் பத்து நாட்களுக்கு மேல் கடற்பிரயாணம் செய்த சீனத்துப் பிக்ஷு இ-ட்சிங், ஆடையற்ற மனிதர்களின் நாடு ஒன்றைத் தாம் கண்டதாக எழுதிவைத்திருக்கிறார். அது நிக்கோபார் என்பதே அறிஞர் பலரின் துணிபு. கப்பலைக் கண்டதும் அந்நாட்டார் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்றும், இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கொடுத்தார்கள் என்றும், வியாபாரிகள் வேடிக்கையாகத் தங்கள் துணிகளை நீட்டியபோது அவை தமக்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்கள் என்றும் அவர் குறிக்கிறார். தமக்கு எது பயன்படும், எது பயன்படாது என்பதை நன்றாக நிதானித்து அறிந்திருந்த ஜனங்களின் செய்கையாகவே அந்தக் கையசைப்பை நான் கொள்கிறேன். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல் நடத்திய கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படுவதும் இந்தத் தீவுக்கூட்டமே.

பிற்காலத்தில் நிக்கோபார் ஆடவர்கள் ஒடுங்கிய துணிப்பட்டை ஒன்றை இடுப்பில் சுற்றிக் கால்களினிடையே வாங்கி, அதன் நுனியைப் பின்புறம் தொங்கவிட்டுக் கட்டத் தலைப்பட்டார்கள். நம்முடைய கோவணத்துக்குச் சகோதர முறையான இந்தச் சிறு வஸ்திரத்தால் ஐரோப்பாவில் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று. 1647இல் டச்சுக் கப்பல் ஒன்றில் அப்பக்கம் சென்ற கெப்பிங் என்னும் ஸ்வீடன் தேசத்தான், அத்தீவு மனிதர்களுக்கு வால் உண்டு என்று எழுதிவைத்தான். அதை மெய்யென்று நம்பியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் நீதிபதியும் பண்டிதருமான மான்போடோ பிரபு. இயற்கை நூல் வல்லவரான லின்னேயஸுக்குக் கடிதம் எழுதி விசாரித்த பின்னர், 1773இல் வெளிவரத் தொடங்கிய தமது மொழியாராய்ச்சி நூலில் அந்த வால் மனிதர்களுக்கு அவர் இடம் கொடுத்தார். நம்முடைய தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனிஷ்காரர்கள் 1756ஆம் ஆண்டு முதல் அங்கிருந்தே நிக்கோபாரில் குடியேற முயன்று காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த காலம் அது. கரையில் இறங்கி அருகே நின்று பார்த்தவர்களுக்கு வால் என்பது துணியின் நுனிதான் என்று விளங்க அதிக நேரம் ஆகியிராது. ஆயினும் தூரத்திலிருந்து பார்த்தவனுடைய சொல்லே நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

மான்போடோ பிரபுவின் நூல் வெளிவந்த அந்நாளில் அவருடைய சொந்த நாட்டிலேயே ஆடவரின் சுற்றுடைக்குச் சட்டத் தடை இருந்தது. மலைநாட்டார் அரசுக்கு எதிராக எழுந்து தோற்ற பிறகு, 1746இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கில்ட் முதலான மலைநாட்டு உடைகளை அணிந்த ஆடவனுக்கு முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை அகப்பட்டால் கடல் கடந்த குடியேற்ற நாடுகளுக்கு ஏழு ஆண்டு அனுப்பிவைக்கும் தண்டனை, அதாவது நம் ஜனங்கள் தீவாந்தரம் என்று சொல்லி நடுங்கிய அதே சிட்சை. 1782இல் தடை நீங்கியபோது முப்பத்தைந்து வருஷங்கள் கடந்துபோயிருந்தன. சாமானிய ஜனங்கள் கால்சட்டைக்குப் பழகிவிட்டார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில் கில்ட் மகா ஆடம்பரத்தோடு திரும்பி வந்தது உண்மையே; ஆனால் மாடு மேய்ப்பவனும் விறகு வெட்டுபவனும் உடுத்திய துணியாக அது திரும்பவில்லை.

அந்தமானில் நிகழ்ந்ததோ வேறு விதம். 1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் டாக்டர் வாக்கர் என்பவரின் தலைமையில் 200 கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்ட நாள் முதல், வேட்டியும் லுங்கியும் உடுத்தியே வளர்ந்த ஆயிரக்கணக்கான ஆடவர்கள் இந்தியாவின் சகல பாகங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1906இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறைக்குள் நுழைந்தவுடன் அவர்களுடைய துணி பறிக்கப்பட்டு, கால் பிரித்துத் தைத்த அரைக்கால் சட்டையும் மேற்சட்டையும் வெள்ளைக் குல்லாயும் கொடுக்கப்பட்டன என்பதும், குளிப்பதற்குக் கிடைத்த கோவணத் துண்டால் மானம் காப்பதே பெரும்பாடாக இருந்தது என்பதும், 1909இல் அங்கு அனுப்பப்பட்ட பாரீந்திர குமார் கோஷ் பின்னர் எழுதிய நூலால் தெரியவருகின்றன. மாடு பூட்ட வேண்டிய செக்கில் மனிதன் பூட்டப்பட்டு, நாளொன்றுக்கு முப்பது ராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்று விதித்திருந்த இடத்தில், அவனுக்குரிய இடுப்புத் துணியையும் அகற்றியதை நான் சிறிய கொடுமையாக எண்ணவில்லை. நன்னடத்தைச் சீட்டுப் பெற்று, சிறைக்கு வெளியே நிலம் வாங்கி உழுது பிழைக்க அனுமதிக்கப்பட்ட கைதிகளுக்குத் தாமே சம்பாதித்துத் தம் வழக்கப்படி உடுத்தும் சுதந்திரம் கிடைத்தது. ஆகவே அத்தீவுகளில் சுற்றுடை என்பது விடுதலை பெற்றவனின் உடையாகவும் இருந்தது.

இவ்வாறு வெளியே வந்தவர்களோடு, பின்னர் வந்து குடியேறியவர்களும் சேர்ந்தபோது, ஒரே துணியைப் பல விதமாக உடுத்தும் முறைகள் ஒரே ஊரின் கடைத்தெருவில் சந்தித்தன. 1921இல் மலபாரில் நிகழ்ந்த கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார், தம் ஊர்ப் பெயர்களையே எடுத்துத் தெற்கு அந்தமானின் கிராமங்களுக்கு மன்னார்காடு என்றும் மஞ்சேரி என்றும் திரூர் என்றும் வைத்தார்கள். தலைப்பை இடப்புறம் வரும்படி செருகுவது அவர்கள் வழக்கம், மலையாளத்து இந்துக்கள் செருகுவது வலப்புறம். 1925இல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காக வந்து மத்திய அந்தமானில் மாயாபந்தருக்கு அருகே வெபி என்னும் கிராமத்தை உண்டாக்கிய கரேன் ஜனங்கள், இரு ஓரங்களையும் மூட்டிக் குழாய்போல் தைத்த லௌஞ்சியோடு வந்தார்கள். அதற்குள் நுழைந்து, இருபுறத்து மிகுதித் துணியையும் முன்னே இழுத்து, வயிற்றின் நடுவில் முறுக்கிச் செருகுவது பர்மிய பாணி. அந்தச் செருகல் ஒரு கைப்பிடி அளவு முன்னே புடைத்து நிற்கும். 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து காட்டைத் திருத்திக் கழனியாக்கிய உழவர்களுக்கும் கட்டம் போட்ட லுங்கியே வீட்டுடை, வயல் உடை. நம் தமிழர்களோ வேலை நேரத்தில் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவார்கள். பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் பேச்சுக்கு முன்னே கை இடுப்புக்குப் போய் மடிப்பை இறக்கிவிடும். சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் இதைக் கற்கிறார்கள்.

துணியின் பிறப்பிடத்தைத் தேடினால் நாம் பழவேற்காட்டுக்கே வந்து சேருகிறோம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி, அந்தப் பிராந்தியத்து நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட சாயத்துணிகளைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். மலாய் நாட்டில் அத்தகைய கைலிக்குப் பழவேற்காட்டின் பெயர் இன்றும் வழங்குகிறது. பர்மாவில் ஆடவர்கள் முன்னாளில் உடுத்திய மிக நீண்ட பசோ என்னும் துணி ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மறைந்து, நாம் இன்று காணும் குழாய் லௌஞ்சி அதன் இடத்தைப் பிடித்தது. அம்மாறுதலில் இந்தியாவிலிருந்து சென்ற துணிக்கும் ஜனங்களுக்கும் பங்கு உண்டு. எனவே, வெபியில் வயலுக்கு இறங்கிய கரேன் உழவனும், குடியாத்தத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ குழித்தறியில் அமர்ந்து பாவில் கட்டங்களைக் கணக்கிட்ட நம் நெசவாளியும், ஒருவரையொருவர் அறியாமலே நெடுங்காலச் சம்பந்தம் உடையவர்கள்.

நிக்கோபாரில் துணி, தேங்காய்க்கு விலையாகப் புகுந்தது. பர்மியரும் மலாய்க்காரரும் சீனரும் இந்திய வியாபாரிகளும் தேங்காய் ஏற்றிச் செல்லப் பாய்க்கப்பல்களில் வந்து, பதிலுக்கு இரும்பும் துணியும் புகையிலையும் இறக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரில் பள்ளிக்கூடம் நடத்திய தமிழ் உபதேசியார் வேதப்பன் சாலமன் ஆதரித்து வளர்த்த மாணவர்களில் ஒருவரே, பிற்காலத்தில் பிஷப்பாக உயர்ந்து, 1952இல் இத்தீவுகளின் பிரதிநிதியாக லோக்சபையில் அமர்ந்த ஜான் ரிச்சர்ட்சன். பழைய துணிப்பட்டை அந்தத் தலைமுறைகளிலே மெல்ல விலகிற்று. ஆண்களிடையே லுங்கியும் அரைக்கால் சட்டையும், பெண்களிடையே லுங்கியும் ரவிக்கையும் வழக்கத்துக்கு வந்தன. இ-ட்சிங்கின் காலத்தில் வேண்டாமென்று கையசைத்தவர்களின் வழிவந்தோர் தமக்கு ஏற்றது என்று கண்ட துணியைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்தச் சீதோஷ்ணத்தில் காற்றோட்டமுள்ளதும், நனைந்தால் விரைவில் உலர்வதுமான உடையை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. மலையகத்தில் சாரம் என்று சொல்லிய அதே உடையோடு, விடியற்காலையில் மரம் சீவப் புறப்பட்ட அவர்கள், நிக்கோபார் அயலாரும் அதையே உடுத்தியிருக்கக் கண்டிருப்பார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கியபோது மிகுதியாக அழிந்த தீவுகளில் கச்சாலும் ஒன்று; வீடுகளோடு பெட்டிகளும், பெட்டிகளில் இருந்த பழைய துணிகளும் போயின. போர்ட் பிளேரில் மானிடவியல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பூர்வகுடிகளின் வில்லையும் படகையும் காத்து வைப்பது போலவே, மாப்பிள்ளை, கரேன், வங்காளி, தமிழர், நிக்கோபாரி ஆகிய ஒவ்வொருவரும் உடுத்திய கைலிகளைத் தேடி எடுத்து, அவற்றை உடுத்தும் விதத்தைச் செய்து காட்டக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே படம் பிடித்து, அவற்றையும் அங்கே சேர்த்துவைக்க வேண்டும் என்று அதை நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.