விலங்கைப் புதைத்த தேவாலயமும் தில்லி மன்றமும்

ஜமைக்காத் தீவின் பால்மவுத் நகரில், வில்லியம் நிப் பாதிரியாரின் பாப்டிஸ்டு தேவாலயத்தில், 1838 ஜூலை 31 இரவு கருப்பின மக்கள் திரளாகக் கூடினர். நள்ளிரவு மணி அடித்ததும் அடிமைத்தனம் மாண்டதென ஆர்ப்பரித்தனர். பின்னர் விலங்கையும் சாட்டையையும் ஒரு சவப்பெட்டியிலிட்டு மண்ணில் புதைத்தனர். ஆகஸ்டு முதல் நாள் இன்றும் அத்தீவில் விடுதலை நாள்.

தமிழராகிய நாம் அந்நாளை எண்ணுங்கால் மகிழ்ச்சியோடு ஒரு நெருடலும் எழுகின்றது. அடிமை ஒழிப்புக்கென்று 1833 இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. தமிழகத்து வயல்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையாட்கள், 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரையில் காத்திருந்தனர். அதுவும் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத்தான் தடுத்தது. வயலில் வழக்கம் மாறிவிடவில்லை.

விடுதலை பெற்றோர் விட்டு நீங்கிய கரும்புத் தோட்டங்களுக்கோ வேறு ஆள் வேண்டியிருந்தது. தோட்டத் துரைமாரின் பார்வை நம் நாட்டின்மீது விழுந்தது. கடல் கடந்த கரும்புத் தோட்டங்கள் பலவற்றிற்கும் இந்தியர் ஏற்றப்பட்டனர். சென்னையில் ஆளேற்றிய ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், இடையில் வேலையை விட்டகன்றால் சிறை. கூலி உண்டு என்பதனால் இதனை அடிமைத்தனம் அன்று என்றனர். 1894 இல் முன்பற்கள் உடைபட்டு, இரத்தக் கறையோடு, தலைத்துணியைக் கையில் ஏந்திக் காந்தியடிகள் முன் வந்து நின்ற தமிழர் பாலசுந்தரத்திற்கு அந்த வேறுபாடு விளங்கியிருக்குமா? அடிகளால் அன்று இயன்றது, அவருக்கு வேறு எசமானரைத் தேடித் தந்ததே, ஒப்பந்தம் ஒழியவில்லை.

அம்முறையின் முடிவில் நம் தில்லிக்கும் பங்குண்டு. இந்நகரின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆண்ட்ரூஸ் பாதிரியார், 1915 இல் பியர்சனுடன் பிஜிக்குச் சென்று, கூலி லயன்களின் அவலத்தை நேரிற் கண்டு அறிக்கை எழுதினார். மறு ஆண்டு மார்ச் 20 அன்று, இங்குக் கூடிய பேரரசுச் சட்டசபையில் பண்டித மதன்மோகன் மாளவியா ஒப்பந்த முறையை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். ஹார்டிஞ்சு பிரபு அதனை ஏற்றார். அன்று சட்டசபை கூடிய பழைய செக்ரடேரியட் கட்டடமே இன்று தில்லிச் சட்டமன்றம். சிவில் லைன்ஸ் வழியாகப் பஸ்ஸில் செல்லும் நம்மவர் பலரும் அதனைக் கண்டிருப்பர். மார்ச் 20 இல் நம் காலனிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்று காட்டலாம்.

ஏற்றதாயினும் உடனே நிறுத்தினாரில்லை. ஆள் ஏற்றுவது 1917 மார்ச் 12 அன்றுதான் தடுக்கப்பட்டது. பிஜியில் எஞ்சியிருந்தோரின் ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாளில் நீக்கப்பட்டன.