கிட்டங்கியைக் காலிசெய்த வேர்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜாரில் அங்காடி மருந்துக்கடைச் சேட்டன் சாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்த வேர் சுண்டுவிரல் பருமன்தான். மண்ணிறத் தோல், அங்கங்கே நெளிவு. ஒடித்து நாக்கில் வைத்தேன். மதியச் சாப்பாடு வரை கசப்பு போகவில்லை. "அமல்பொரி" என்றார் அவர். நமக்கு சர்ப்பகந்தி.

இந்தச் செடி கொச்சியிலிருந்து கப்பலேறியது காகிதத்தில். டச்சுக் கமாண்டர் வான் ரீட் தொகுக்கவைத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சாயிற்று. மூலிகை விவரங்களைச் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிகளும் 1675 ஏப்ரலில் கொச்சியில் எழுதிக்கொடுத்த சான்றுகள் முதல் தொகுதியில் இருக்கின்றன. ஆறாம் தொகுதியில், 1686இல், நம் செடி ‘சோவன்ன அமல்போடி’ என்று டச்சு எழுத்துக்கூட்டில் நிற்கிறது. பிறகு ஐரோப்பியர் இதன் பேரினத்துக்கு ரவுவுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரைச் சூட்டினார்கள். அந்த மனிதர் பாக்தாத் வரை போனவர். மலபார் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை!

நம்மூரில் அது பாம்புக்கடிக்கும் பித்துக்கும் அரைபட்டுக்கொண்டிருந்தது. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ரத்த அழுத்தத்துக்கும் இது மருந்து என்று எழுதினார்கள். வெளிநாடு அதைக் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதிய பிறகுதான் வேருக்கு மவுசு வந்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

அது செய்யும் வேலையை மட்டாஞ்சேரிக்காரருக்கு எளிதில் சொல்லிவிடலாம். நரம்பு நுனிகளில் சின்னச் சின்னக் கிட்டங்கிகள். உள்ளே மூட்டை மூட்டையாக நோர்அட்ரினலின். அவிழ்த்துவிட்டால் தமனிச் சுவரின் தசை இறுகும், அழுத்தம் ஏறும். ரெசர்பின் கிட்டங்கிக் கதவைப் பூட்டிவிடுகிறது. சரக்கு உள்ளே போக முடியாமல் வெளியிலேயே கெட்டுப்போகிறது. இருப்பு கரைந்து, தசை மெல்லத் தளர்கிறது. ஆனால் மூளையிலும் இதே கிட்டங்கிகள் உண்டு. சிலருக்கு மனச்சோர்வு வந்தது. பெரிய அளவு கொடுத்த காலத்தில் அதிகம். அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறிய அளவுக்கு அது கொஞ்சம் அநியாயம் என்பேன். 1967இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த சோதனையில், கடும் அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் தப்பும் என்று காட்டிய மூன்று மருந்துகளில் இதுவும் ஒன்று.

ரத்த அழுத்தத்தின் இன்னொரு கதை சிறுநீரகத்திலிருந்து தொடங்கியது. 1898இலேயே ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றைச் செலுத்தி அழுத்தம் ஏறுவதைக் கண்டு, அதற்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். அதன் தொடர்ச்சியான ஆஞ்சியோடென்சின் குழாயை இறுக்குவதோடு நிற்பதில்லை. சுவரையே அழற்றித் தடிக்கவைத்து, கொழுப்பு படிய இடம்கொடுக்கிறது. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வில், அது உருவாவதைத் தடுக்கும் ராமிப்ரில், 9,297 பேரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் சேர்த்து 17.8 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைத்தது. மருத்துவமனையில் அளந்த அழுத்தமோ, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மேல்எண்ணில் 3 மி.மீ. அளவுக்குத்தான் கூடுதலாக இறங்கியிருந்தது. மீதி ஆதாயம் தமனிச் சுவரிலிருந்து வந்ததா, அல்லது இரவு அழுத்தம் இன்னும் இறங்கியதா என்று பிறகு பெரிய சண்டை.

சர்ப்பகந்தி காட்டில் அருகிவிட்டது. 1990 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

"சேட்டா, உங்களுக்கு பிரஷர் உண்டா? இதைத்தான் சாப்பிடுறீங்களா?"

அவர் கல்லாப்பெட்டியை இழுத்தார். சில்லறைக்கு நடுவே பாதி தீர்ந்த டெல்மிசார்டன் பிரஷர் மாத்திரை அட்டை.