கைதிகளின் திரையில் இடம்பெறாத தமிழர்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பாகாட் மாவட்டத்திலுள்ள பாரிட் சூலோங்கில், 1942 ஜனவரி 22 அன்று, பின்வாங்கிய நேசப் படையால் தூக்கிச் செல்ல இயலாமல் பாலத்தருகே விடப்பட்டு ஜப்பானியரிடம் சிக்கிய ஏறத்தாழ 150 காயம்பட்ட வீரர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் ஆஸ்திரேலியரோடு 45ஆம் இந்தியப் படையணியைச் சேர்ந்த இந்தியரும் இருந்தனர். மலாயாவில் கைதிகளின் வரலாறு தொடக்கத்திலேயே பல இனத்தாருடையதாக இருந்தது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும். ஆனால் அவ்வரலாற்றை உலகுக்குச் சொன்ன ஹாலிவுட் திரை, அதை ஓரினத்தாரின் வரலாறாகச் சுருக்கியது.

போர்க்கைதிகளாயினும் தண்டனைக் கைதிகளாயினும், அவர்களின் துயரைப் பேசும் படங்களில் வெள்ளையரல்லாதார் முன்னணிக்கு வர ஹாலிவுட்டில் நெடுங்காலமாயிற்று. சங்கிலியால் பிணைத்துச் சாலை வேலை வாங்கும் அமெரிக்கத் தண்டனை முறையைக் கண்டித்த 1932ஆம் ஆண்டுப் படமான 'ஐ ஆம் எ ஃப்யூஜிட்டிவ் ஃப்ரம் எ செயின் கேங்' கறுப்பினக் கைதிகளைக் காட்டியபோதிலும், கதையை வெள்ளையரான பால் முனியின் பாத்திரத்திடமே ஒப்படைத்தது. 1958இல் வெளிவந்த 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில்தான் சிட்னி பாய்ட்டியர், டோனி கர்ட்டிஸுக்கு இணையான நாயகனாக, ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்பியோடும் கைதியாக நின்றார்.

அதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்து ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்', ஜப்பானியர் அமைத்த சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையில் பாலம் கட்டும் போர்க்கைதிகளின், அதாவது சரணடைந்து பிடிபட்ட படைவீரர்களின் கதையாகும். மூலநாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தவர். ஆதலால் அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழரை அவர் அறியாதவரல்லர். இருந்தும், இலங்கையின் கித்துல்கலவில் டேவிட் லீன் எடுத்த அப்படத்தில், ஆசியராக ஜப்பானியப் படையினரும், வழிகாட்டிகளாகச் சில தாய்லாந்து மக்களும் மட்டுமே நிற்கின்றனர். செசூ ஹயகாவா நடித்த சைட்டோ, ஆசியர் ஒருவருக்கு அங்குக் கிடைத்த ஒரே பெரிய பாத்திரமாகும்.

உண்மையில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர் உழைத்தனர். ஜப்பானியர் 'ரோமுஷா' என்றழைத்த இவர்களுள் மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தோட்டத் தமிழர், கொண்டுசெல்லப்பட்டனர். இலவசத் திரைப்படம் காட்டுவதாக அழைத்துக் கொட்டகையை அடைத்து லாரியில் ஏற்றினார்கள் என்று பிழைத்தோர் நினைவுகூர்ந்தது, திரைக்கும் இவர்களுக்குமிடையே அமைந்த மிகக் கொடிய உறவாகும். படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியலும் அதிகாரியும் மருத்துவரும் இருந்தமையால் அவனது சாவு பதிவாயிற்று. லயத்திலிருந்து, அதாவது தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பிலிருந்து, குடும்பத்தோடு சென்ற கூலிக்கு அவை இல்லாமையால், காலராவும் பட்டினியும் கொன்றவர்களின் எண்ணிக்கை இன்றும் மதிப்பீடாகவே நிற்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்களுக்குத் தனித்தனிக் கல் உண்டு. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு இல்லை.

இவ்விடைவெளியை மலேசியத் தமிழரே நிரப்ப முயன்றனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் ஹாலிவுட் விட்டுவிட்ட மனிதர்களைக் கதையின் நடுவே வைத்தன. டேவிட் லீனின் படம் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் பெருமிதத்தை ஆராய்ந்த சிறந்த ஆக்கம். அந்த ரயில்பாதையின் வரலாறாக அதை ஏற்க இயலாது.